ஸ்டீல்ஹெட்டுக்கு நிம்ஃப் லீடர்: மேலே விறைப்பு, கீழே ஒரே மெலிசு

கேட்ட தம்பிக்குச் சொந்த ஊர் தண்டையார்பேட்டை. இப்போது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், கிளீவ்லாந்தில் வேலை. ஊரையொட்டி ஓடும் ராக்கி ரிவரில் ஸ்டீல்ஹெட் பிடிக்க இறங்கியிருக்கிறார். கையில் 10 அடி, 7 வெயிட் ஃப்ளை ராட் (வெயிட் என்பது ராடுக்குப் பொருந்தும் லைனின் கனத்தைச் சொல்லும் எண்). கடையில் வாங்கிய 9 அடி டேப்பர் லீடர், அதன் முனையில் இரண்டு நிம்ஃப். அவர் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால்: "அண்ணா, நிம்ஃப் அடிக்கே போக மாட்டேங்குது. ஈயத்தைக் கூட்டினால் கல்லில் மாட்டிக்கொள்கிறது. மாட்டிய மீன்களும் அறுத்துக்கொண்டு போய்விட்டன. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது லீடர்களைக் கட்டி எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். எப்படிக் கட்டுவது? காசிமேட்டில் கிடைக்கிற தூண்டில் நரம்பு இதற்கு ஆகுமா?"

ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்டீல்ஹெட்டைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். கிளீவ்லாந்து இருக்கும் ஈரி ஏரிக்கரையில் வேலை பார்த்த வருடங்களில் அந்த ஆறுகளில் குளிரில் நின்ற பழக்கம் இருப்பதால் சொல்கிறேன். ஃப்ளை ராட் பக்கமே போகாதவர்களுக்கு இரண்டு வரி. ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட். பசிபிக் கரைதான் அதன் பூர்வீகம். ஈரி ஏரியில் இருப்பது மனிதர்கள் கொண்டுவந்து விட்ட கூட்டம். நிம்ஃப் என்பது தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிக் குஞ்சைப் போல தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி இரை. லீடர் என்பது தடித்த ஃப்ளை லைனுக்கும் அந்த முள்ளுக்கும் நடுவே வரும் நரம்பு.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். கடை லீடரில் குறை எதுவும் இல்லை தம்பி, அது வேறு வேலைக்குச் செய்தது. தடிமனாகத் தொடங்கி நுனி வரைக்கும் சீராக மெலிந்துகொண்டே போவது, தண்ணீர்மேல் மிதக்கும் போலி ஈயை நேராக நீட்டி மெதுவாக இறக்குவதற்காக. அதையே நிம்ஃபுக்குப் போட்டால் இண்டிகேட்டருக்கு, அதாவது மீன் கடிப்பதைக் காட்டும் மிதவைக்குக் கீழேயும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடித்த நரம்பு தண்ணீருக்குள் நிற்கும். ஆற்றில் மேல்தண்ணீர் வேகமாகப் போகும். அடித்தண்ணீர் கல்லில் உராய்ந்து உராய்ந்து மெதுவாகத்தான் போகும். தடித்த நரம்பு அந்த மேல்வேகத்தை வாங்கிக்கொண்டு வயிறு தள்ளும். கீழே இருக்கிற நிம்ஃபை இழுத்துக்கொண்டு ஓடும். நிம்ஃப் பாதி ஆழத்தில் பறந்துகொண்டு போகும். நீங்கள் ஈயம் குறைவு என்று நினைத்துக் கூட்டுகிறீர்கள். அப்போது ஈயம் மட்டும் அடியில் போய் உட்கார்ந்து கல்லிடுக்கில் சிக்குகிறது.

எண்ணூர் முகத்துவாரத்தில் தக்கை போட்டு மடவைக்கு உட்கார்ந்தவர்களுக்கு இது புதிது இல்லை. கடல் வற்றும் நேரத்தில் தக்கை முன்னால் ஓட, இரை பின்னால் சாய்ந்து வரும். அங்கே கயிறு மாதிரி நரம்பு போட்டவனுக்கு இரை அடியில் நிற்காது, மெலிந்த நரம்பு போட்டவனுக்கு நிற்கும். ராக்கி ரிவரிலும் அதே கதைதான், தண்ணீர் மட்டும் ஐஸ்.

ஆகவே லீடரை ஒரே பொருளாக நினைக்காதீர்கள். இண்டிகேட்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நேர் எதிரான வேலை. மேல்பாதி ராடின் விசையை வாங்கி ஈயம், இண்டிகேட்டர், இரண்டு ஈ எல்லாவற்றையும் புரட்டிப் போட வேண்டும். அதனால் தடிமனும் விறைப்பும் வேண்டும். கீழ்பாதி தண்ணீரைச் சட்டென்று கிழித்துக்கொண்டு இறங்க வேண்டும். அதனால் மெலிசாக, ஆரம்பம் முதல் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே தடிமனாக இருக்க வேண்டும். நடுவே படிப்படியான சரிவு தேவையில்லை. தடிமனிலிருந்து மெலிசுக்கு ஒரே குதி.

மேல்பாதிக்கு என் அளவு இது. 0.50 மில்லிமீட்டர் விறைப்பான நைலான் 90 செ.மீ., அடுத்து 0.43 ஒரு 60 செ.மீ., அடுத்து 0.38 ஒரு 30 செ.மீ. மொத்தம் 180 செ.மீ., அதாவது ஏறக்குறைய 6 அடி. அங்கே மாக்சிமா கமீலியன் என்று பழுப்பு நிற நைலான் விற்பார்கள். அதில் 25, 20, 15 பவுண்ட் வாங்கினால் இந்த மூன்று தடிமனும் வந்துவிடும். 0.50 நரம்பின் தலைமாட்டில் சின்னக் கண்ணி ஒன்று போட்டு ஃப்ளை லைனின் கண்ணியோடு கோத்துவிடுங்கள். மூன்று துண்டுகளையும் பிளட் நாட்டில் இணையுங்கள். தடிமன் வித்தியாசம் குறைவாக இருக்கும்போது அந்த முடிச்சுக்கு நிகர் இல்லை. நேராகவும் மெலிதாகவும் உட்கார்ந்து ராடின் வளையங்களில் தட்டாமல் போகும்.

மேல்பாதிக்கு ஃப்ளோரோகார்பன் நரம்பு வேண்டாம். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. ஃப்ளோரோகார்பனின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 1.78 மடங்கு, நைலானுக்குச் சுமார் 1.14 தான். மேல்பாதி தண்ணீருக்குள் அமிழ்ந்தால் லைனைத் தூக்கி நீர் வரும் பக்கமாக மாற்றிப் போடவே முடியாது. அந்த வேலையைத்தான் ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு மூன்று தடவை செய்யப் போகிறீர்கள்.

0.38 துண்டின் நுனியில் 2 மில்லிமீட்டர் டிப்பெட் ரிங் (நரம்புகளை இணைக்கும் குட்டி வளையம்) அல்லது ஆகச் சின்ன ஸ்விவல் (சுழலும் இணைப்பு) ஒன்று. நான் ஸ்விவல் கட்சி. மீன்முட்டை வடிவப் போலி ஈயும் ஈயக்குண்டும் வீச்சுக்கு வீச்சு சுழன்று நரம்பை முறுக்கிவிடும். ஸ்விவல் அதில் பாதியையாவது அவிழ்க்கும். ரிங்கின் நன்மை எடை இல்லாதது. எதைப் போட்டாலும் ஒரு லாபம் நிச்சயம்: கீழ்பாதியை எத்தனை தடவை மாற்றினாலும் மேல்பாதி குறையாது. ஒரு மேல்பாதி சீசன் முழுக்க வரும்.

கீழ்பாதி: ஸ்விவலிலிருந்து 0.25 மில்லிமீட்டர் ஃப்ளோரோகார்பன் 120 முதல் 150 செ.மீ. அதன் நுனியில் 0.20 ஃப்ளோரோகார்பன் 45 செ.மீ., அங்கே முதல் நிம்ஃப். அதிலிருந்து இன்னொரு 40, 45 செ.மீ., அங்கே இரண்டாவது. கடைகளில் 1எக்ஸ், 3எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். அதற்கு எளிய கணக்கு உண்டு: 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஆயிரத்தில் இத்தனை அங்குலம் தடிமன். 3எக்ஸ் என்றால் 0.008 அங்குலம், அதாவது 0.20 மி.மீ. 1எக்ஸ் என்றால் 0.25. சுருளில் எழுதியிருக்கும் பவுண்ட் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தடிமனைப் பார்த்து வாங்குங்கள்.

மழை பெய்து இரண்டாம் மூன்றாம் நாள் தண்ணீர் பச்சையாக, இரண்டடிக்குக் கீழே தெரியாமல் ஓடும்போது 0.20-க்குப் பதில் 0.23 போட்டாலும் மீன் கண்டுகொள்ளாது. ஈரி ஏரிக்கு வரும் ஆறுகள் பெரும்பாலும் தட்டுத் தட்டான ஷேல் பாறைமேல் ஓடுபவை. சீக்கிரம் பெருகும், சீக்கிரம் வடியும், வடிந்ததும் கண்ணாடி ஆகிவிடும். அப்போது 0.18-க்கு இறங்க வேண்டியிருக்கும். அதற்கும் கீழே போகாதீர்கள். அங்கே சராசரி மீனே 60 செ.மீ.க்கு மேல், இரண்டரை கிலோ இருக்கும். மெல்லிய நரம்பில் அதை அரைமணி நேரம் இழுத்து விளையாடி, விட்டபிறகு அது செத்துப் போனால் யாருக்கு என்ன லாபம்?

இனி ஈயம். ஏமாற்றுவது பெரும்பாலும் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஈயக்குண்டை நேராக நரம்பில் கடித்து இறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கெடுதல். இறுக்கிய இடத்தில் நரம்பு நசுங்கி அங்கேயே அறும். அறாவிட்டால் குண்டு வழுக்கிக்கொண்டு போய் நிம்ஃபின் மூக்கில் உட்காரும். அதற்குப் பதிலாக 0.25-ஐயும் 0.20-ஐயும் இணைக்கிற முடிச்சில் ஒரு வாலை வெட்டாமல் 7, 8 செ.மீ. விட்டுவிடுங்கள். அந்த வால் மெலிந்த நரம்பின் வாலாக, அதாவது 0.20-இன் வாலாக இருக்கட்டும். வால் நுனியில் சாதாரண முடிச்சு ஒன்று. அதற்கு மேலே ஈயக்குண்டுகளை லேசாக, விரலால் இழுத்தால் கொஞ்சம் சிரமப்பட்டு நகர்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். குண்டு கல்லிடுக்கில் மாட்டினால் என்ன ஆகும்? இழுத்தால் குண்டுகள் வாலிலிருந்து உருவிக்கொண்டு போகும், அல்லது வால் அறும். நிம்ஃப் இரண்டும் உங்களுக்கே. ஐந்து ரூபாய் ஈயத்தோடு போயிற்று.

முழு லீடரையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எது முதலில் அற வேண்டும், எது அறவே கூடாது என்று நீங்கள் தீர்மானித்து வைக்க வேண்டும். கல்லைத் தீர்மானிக்க விடக்கூடாது. முதலில் ஈயத்தின் வால். அடுத்து கடைசி நிம்ஃபுக்குப் போகும் துண்டு. அதை முதல் துண்டைவிட ஒரு படி மெலிசாகக் கட்டினால் அடி ஈ மட்டும் போகும். அடுத்துத்தான் 0.20. 0.25 அநேகமாக அறாது. ஸ்விவலுக்கு மேலே எதுவும் அறக் கூடாது, அறுந்தால் இண்டிகேட்டரும் ஆற்றோடு போய்விடும். இந்த வரிசை தலைகீழாகக் கட்டியவர்களை ஆற்றில் நிறைய பார்க்கலாம். ஒரு கல்லுக்கு ஒரு முழு லீடர் என்று கட்டிக்கொண்டே நிற்பார்கள். ஜனவரிக் குளிரில் விறைத்த விரலோடு ஆறு முடிச்சு போடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரே பெரிய குண்டைவிட மூன்று நான்கு சின்னக் குண்டுகள் நல்லது. பெரியது ஒரு பிளவில் ஆப்பு அடித்ததுபோல் உட்காரும். சின்னவை உருண்டு வெளியே வரும். தவிர, ஒவ்வொரு குழிக்கும் ஒன்றைச் சேர்த்து ஒன்றைக் கழற்றி அளவு பார்க்கலாம். ஈயத்துக்குப் பதிலாகத் தகரத்தில் செய்த குண்டுகள் அங்கே கிடைக்கும். பறவைகள் ஈயத்தை விழுங்கிச் சாவதால் சில இடங்களில் ஈயத்துக்குத் தடையே உண்டு. தகரம் எடை குறைவு, அதனால் ஒரு குண்டு கூடப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நிம்ஃபை எப்படி இணைப்பது? பலரும் முதல் முள்ளின் வளைவில் நரம்பைக் கட்டி அடுத்ததைத் தொங்கவிடுவார்கள். சுலபம்தான். ஆனால் பிடித்த மீனை விட்டுவிடுகிறவர்கள் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முனையை நசுக்கி வைத்திருப்பார்கள், அப்படி மொட்டையான முள்ளில் வளைவில் கட்டிய கண்ணி நழுவி வெளியே வந்துவிடும். மேலே இருக்கும் ஈயை மீன் கடிக்க வரும்போது அந்த இரண்டாவது நரம்பு வாயோரத்தில் குறுக்கே நின்று தட்டிவிடவும் செய்யும். நான் முதல் நிம்ஃபின் காதிலேயே, அதாவது முள்ளில் நரம்பு நுழையும் ஓட்டையிலேயே, இரண்டு நரம்பையும் கட்டுவேன். வருவதற்கு ஒரு முடிச்சு, போவதற்கு ஒரு முடிச்சு. காது சின்னதாக இருந்தால் நெருக்கடிதான், அதனால் மேலே பெரிய முள்ளாக வைத்துக்கொள்ளுங்கள் (முள்ளுக்கு நம்பர் கூடினால் அளவு சின்னது): 8-ஆம் நம்பர் கறுப்பு ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப். கீழே 12 அல்லது 14-இல் ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் வகை நிம்ஃப், அல்லது மீன்முட்டை மாதிரி ஈ. முட்டை ஈ நிம்ஃபே இல்லை என்று சண்டைக்கு வருகிற சுத்த சைவக்காரர்கள் உண்டு. ஈரியின் மீன் அந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை, முட்டையைத்தான் கூடுதலாகக் கடிக்கிறது.

சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை முள், எவ்வளவு ஈயம், எதிர்முனை இருக்கலாமா என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் ஆற்றுக்கு ஆறு மாறும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளில் எதிர்முனை இல்லாத ஒற்றை முள்தான் அனுமதி. அங்கே போனால் இந்த இரட்டை நிம்ஃப் பேச்சே கிடையாது.

அறுந்து போன மீன்களுக்கு வருகிறேன். அடுத்த தடவை அறுந்தால் கோபத்தில் நுனியை வெட்டி எறியாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. சுற்று போதவில்லை, அல்லது முழுக்க இறுக்கவில்லை. சொரசொரவென்று பிசிறு தெரிந்தால் கல்லில் உராய்ந்தது. கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருந்தால், முடிச்சைக் காய்ந்தபடியே இழுத்ததில் நரம்பு சூடேறிப் பழுதாகி இருக்கலாம், இல்லையென்றால் குண்டு நசுக்கிய இடமாக இருக்கலாம். ஃப்ளோரோகார்பன் நைலானைவிடக் கடினமானது. இறுக்கும்போது சுற்றுகள் ஒன்றோடொன்று உரசி, அந்தச் சூட்டிலேயே பலம் போய்விடும்.

முள்ளில் கட்டும் முடிச்சு இப்படி: காதில் நரம்பை விட்டு, நுனியைப் பிரதான நரம்பின்மேல் சுற்றுங்கள், 0.20 என்றால் ஐந்து அல்லது ஆறு சுற்று, தடித்ததென்றால் நான்கு. நுனியைக் காதையொட்டிய முதல் ஓட்டைக்குள் விட்டு, அப்படியே உருவான பெரிய கண்ணிக்குள்ளும் விடுங்கள். இப்போது இழுக்காதீர்கள். வாயில் வைத்து நன்றாக எச்சில் படுத்துங்கள். அப்புறம் பிரதான நரம்பை மட்டும் மெதுவாக, ஒரே சீராக இழுத்தால் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் போய் அடங்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். முடிச்சுக்கு மேலே இரண்டு விரற்கடை நரம்பைக் கவனியுங்கள். அது நெளிநெளியாகத் தெரிந்தால் சூடு பட்டுவிட்டது, அதையும் வெட்டுங்கள். 0.38-ஐயும் 0.25-ஐயும் நேராக முடிக்க வேண்டாம் என்றுதான் நடுவில் ஸ்விவல் வைத்தோம். 0.25-க்கும் 0.20-க்கும் பிளட் நாட் தாராளமாகப் போதும். கை நடுங்கினால் இரண்டு நரம்பையும் சேர்த்துப் பிடித்து மூன்று சுற்று சுற்றும் சர்ஜன் நாட் போடுங்கள், கொஞ்சம் குண்டாக இருக்கும், ஆனால் பிடிக்கும்.

வீட்டில் சூட்கேஸ் நிறுக்கிற கைத்தராசு இருக்கும் அல்லவா, ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பது? அதன் கொக்கியில் முள்ளை மாட்டி, நரம்பை ஒரு துணியில் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முள் தெறிக்கும். 8 பவுண்ட் நரம்பு என்றால் சுமார் 3.6 கிலோ தாங்க வேண்டும். உங்கள் முடிச்சு 3 கிலோ தாண்டினால் நல்ல முடிச்சு. 2 கிலோவிலேயே பட்டென்று போனால் ஆற்றில் நடந்தது என்ன என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரே நரம்பில் காய்ந்தபடி இழுத்த முடிச்சையும் எச்சில் படுத்திய முடிச்சையும் அடுத்தடுத்து இழுத்துப் பாருங்கள். அப்புறம் யாரும் உங்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

இண்டிகேட்டரை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரத்தில் வையுங்கள். மூன்றடித் தண்ணீருக்கு ஈயத்திலிருந்து நாலரை அடி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் வேகத் தண்ணீரில் அதைவிடக் கூட்டலாம். மெல்ல நகரும் குளிர்காலக் குழியில் ஆழமும் அதுவும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மேலே சொன்ன அளவில் இண்டிகேட்டர் பெரும்பாலும் ஸ்விவலுக்குச் சற்று மேலே, 0.38 துண்டில் நிற்கும். ஆழம் குறைந்தால் 0.25-க்கு இறக்குங்கள். ஆழம் கூடினால் இண்டிகேட்டரை மேலே ஏற்றாதீர்கள், 0.25 துண்டை நீளமாக்குங்கள். தடித்த நரம்பு தண்ணீருக்குள் போகக் கூடாது என்பதுதானே நம் கட்சி.

எவ்வளவு நீளம் வரை? அதற்கு ராடே எல்லை. இண்டிகேட்டர் ராடின் நுனி வளையத்தில் வந்து முட்டினால் அதற்குமேல் சுற்ற முடியாது. மீதி நரம்பு ராடைவிட நீளமாக இருந்தால் மீன் காலடிக்கு வராது, வலை எட்டாது. 10 அடி ராடுக்கு இண்டிகேட்டரிலிருந்து கடைசி முள் வரை 8 அடிக்குள் வைத்துக்கொண்டால் தனியாளாகவே மீனை வலையில் எடுக்கலாம். அதற்கும் ஆழமான குழிகள் வேண்டுமென்றால் இழுவை வந்ததும் கழன்று நழுவும் வகை இண்டிகேட்டர் இருக்கிறது.

சமநிலை பார்க்க ஆறு தேவையில்லை. நம் பக்கத்தில் எந்த வீட்டு வாசலிலும் லாரித் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம் இருக்கும். நிரம்பிய டிரம்மில் இண்டிகேட்டர், ஈயக்குண்டுகள், இரண்டு நிம்ஃப் எல்லாவற்றையும் நரம்பைச் சுருக்கிக் கட்டி இறக்குங்கள். குண்டைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். உருண்டை பாதிக்கு மேல் அமிழும் இடத்தில் நிறுத்தி ஒரு குண்டைக் கழற்றுங்கள். அதுதான் அந்த இண்டிகேட்டரின் அளவு, ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை சும்மா பந்து மாதிரி முழுக்க மேலே நின்றால் மீன் இலேசாக வாயில் வைத்துத் துப்புவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. குளிர்காலத்தில், தண்ணீர் 3, 4 டிகிரியில் இருக்கும்போது அந்த மீன் இழுத்துக்கொண்டெல்லாம் ஓடாது. இண்டிகேட்டர் ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். டிரம்முக்குள் முள்ளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மறுநாள் அம்மா அதில் கையை விடுவார்.

ஆற்றில் சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரே அடையாளம் நுரை. இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் மிதக்கும் நுரைக் குமிழிகள் அதை முந்திக்கொண்டு போக வேண்டும். குமிழியும் இண்டிகேட்டரும் சேர்ந்தே போனால் நிம்ஃப் அடியைத் தொடவில்லை. ஒரு குண்டு சேருங்கள். நாலு வீச்சுக்கு ஒரு தடவை லேசாக அடி தட்டினால் சரி. ஒவ்வொரு வீச்சிலும் தட்டி நின்றால் ஒரு குண்டைக் கழற்றுங்கள். வீசும்போது காற்றில் முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், இவ்வளவு சாமானோடு ஆட்டினால் சிக்கல் அவிழ்ப்பதிலேயே பொழுது போய்விடும். லைன் கீழ்ப்பக்கம் நீண்டு தண்ணீரின் இழுப்பில் ராட் வளைந்ததும், அந்த இழுப்பையே பின்வீச்சாக வைத்து ஒரே வீச்சில் மேல்பக்கம் போட்டுவிடுங்கள்.

இண்டிகேட்டரே இல்லாமல் டைட்லைன் முறையிலும் ஸ்டீல்ஹெட் பிடிக்கிறார்கள். அதற்கு லீடர் வேறு: 0.30 அல்லது அதைவிட மெலிந்த நைலான் 15 அடிக்குமேல், அதன் முனையில் கடியைக் கண்ணால் பார்க்க இரண்டு நிறம் மாறி மாறி வரும் சைட்டர் நரம்பு ஒன்றரை அடி, ஒரு ரிங், அதிலிருந்து ஒரே தடிமனான டிப்பெட் (நுனி நரம்பு), டங்ஸ்டன் மணி வைத்த கனமான நிம்ஃப். ஃப்ளை லைன் பெரும்பாலும் ராடுக்கு வெளியே வருவதே இல்லை. காலடிக்கு இருபதடிக்குள் இருக்கும் வேகத் தண்ணீருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் காற்றடிக்கும் நாளிலும் அகலமான குழியிலும் திணறும். உங்கள் 7 வெயிட் ராடும் இதற்குக் கொஞ்சம் முரடு. முதலில் இண்டிகேட்டர் லீடர் கைக்கு வரட்டும்.

பனி நாளில் ஒரு விஷயம். காற்று பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் ராடின் வளையங்களில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் லீடரின் முடிச்சு உள்ளே போனால் மீன் பாயும்போது அங்கேயே சிக்கி அறும். முடிச்சு வால்களை நெருங்க வெட்டுங்கள், லைனைத் தேவைக்கு மேல் உள்ளே இழுக்காதீர்கள், வளையங்களில் உதட்டுக்குப் பூசுகிற பாம் தடவுங்கள். பனிக்கட்டியை விரலால் பிய்க்காமல் ராட் நுனியைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் தானே விடும்.

கடைசியாகக் காசிமேட்டு நரம்பு. மேல்பாதிக்குத் தாராளமாக ஆகும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள வலைக்கடைகளில் 0.50, 0.40 என்று மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள். ஒரு முழம் உருவி விரலில் வளைத்துப் பார்த்து, விறைப்பாக இருப்பதை வாங்குங்கள். 0.43 கிடைக்காவிட்டால் 0.40 போடுங்கள், மீன் அளவுகோல் கொண்டு வராது. வெயிலில் மாதக்கணக்காகத் தொங்கிய சுருள் வேண்டாம், நைலான் வெயிலில் நொறுங்கும். உள்ளே இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். கீழ்பாதிக்கு மட்டும் ஃப்ளோரோகார்பனை அங்கேயே கிளீவ்லாந்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆகவே ஊரில் கட்ட வேண்டியது மேல்பாதி மட்டும்தான்: ஆறு ஏழு போதும், ஒவ்வொன்றையும் ஸ்விவலோடு தனித்தனிச் சின்னப் பையில் சுருட்டிப் போட்டு, பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். முள்களையும் நரம்பு வெட்டும் கத்தியையும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.